திரை பிடிச்சவன் சொல்றேன், கேளு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. வண்டியைப் புளியமரத்தடியில விடு, வெயில்ல நின்னா சீட்டு சுடும். பையனை விடு, அவன் பாட்டுக்கு ஆட்டுக்குட்டியோட இருக்கட்டும். மோர் குடி மொதல்ல.

என்ன அது நோட்டீசு? காட்டு. அடேயப்பா, வழவழன்னு வெத்தலைக் கொழுந்தாட்டம் இருக்குது. மூக்குல செவப்புப் பந்து ஒட்டின ஆளு ஒருத்தன், தொப்பிக்குள்ள மொசலு, ஒத்தச் சக்கர சைக்கிள்ல ஒரு பொண்ணு, கையில கிடாரு. பாட்டு, மேஜிக், சர்க்கஸ், காமெடி நாலும் ஒரே மேடையில. அதுக்கும் கீழே கொட்டை எழுத்துல போட்டிருக்குது பாரு, 'அத்தனையும் கல்வியோடு'. பையன் படிக்கிற ஸ்கூல்ல அடுத்த வாரம் நடக்குதா? தலைக்கு இவ்வளவுன்னு காசு கேக்குறாங்களா? குடுக்கலாமா வேணாமான்னு இந்த மாமனைக் கேக்கத்தான் ஓசூர்லேர்ந்து சூளகிரி தாண்டி வந்தியா? போன்ல கேட்டிருக்கலாமே. ஓகோ, அப்படியே ஒரு பெட்டி தக்காளியும் எடுத்துட்டுப் போலாம்னு வந்தே. அதைச் சொல்லு மொதல்ல.

காசு குடு மாப்ளே, தாராளமா குடு. சிப்காட்டுல மூணு ஷிப்ட்டு மாத்தி மாத்திச் சம்பாதிக்கிறது வேற எதுக்கு? ஆனா அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு இடிக்குது. அத்தனையும் கல்வியோடுன்னு யாருக்குச் சொல்றான்? பிள்ளைக்கு வேணுங்கிறது மொசலு. கல்வின்னு போட்டாத்தான் அப்பன் பர்ஸைத் திறப்பான்னு அவனுக்குத் தெரியும். அந்த நோட்டீசுல மொத வித்தை அதுதான், மொசலு அப்புறம்.

நீயென்ன பெரிய இவனா இதெல்லாம் பேசன்னு உன் மூஞ்சி கேக்குது. நான் அஞ்சாவதோட நின்னவன்தான். ஆனா சின்ன வயசுல கூத்துல திரை பிடிச்சவன். உனக்குத் தெரியாது, உங்க அம்மாளுக்குத் தெரியும். ராஜா வேஷம் வர்றதுக்கு முன்னாடி ஒரு வேட்டியை ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையாப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். வேட்டிக்கு அந்தப் பக்கம் துரியோதனன் நின்னு பாடுவான். இந்தப் பக்கம் ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கும். ரெண்டு பக்கமும் தெரியறவன் திரை பிடிக்கிற பொடியன் ஒருத்தன்தான். துரியோதனன் கிரீடத்துக்குள்ள விரலை விட்டுத் தலையைச் சொறியறதும் எனக்குத் தெரியும், திரை விலகினதும் அதே ஆளைப் பார்த்து மொத வரிசைப் பசங்க டவுசரை நனைக்கிறதும் எனக்குத் தெரியும். பின்னாடி எத்தனையோ தலைவரு, சாமியாரு, சீட்டுக் கம்பெனிக்காரன் எல்லாம் வந்தான். எல்லாரையும் அந்த வேட்டி முனையில நின்னுதான் நான் பார்த்தேன். ஒருத்தன்கிட்டயும் பணம் கட்டல.

நம்ம பக்கத்துப் பாரதக் கூத்துல இல்லாத சர்க்கஸா உன் நோட்டீசுல இருக்குது? திரௌபதியம்மன் கோயில்ல பதினெட்டு நாள், சில ஊர்ல அதுக்கு மேலயும் நடக்கும். பகல்ல பாரதம் வாசிப்பு, ராத்திரி கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். அர்ச்சுனன் தபசு அன்னைக்கு நெட்டு மரம் ஒண்ணு நட்டு, வேஷம் கட்டினவன் ஒவ்வொரு படியா ஏறிக்கிட்டே பாடுவான். கீழே வலையும் கிடையாது, இன்சூரன்சும் கிடையாது. உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான், பொம்பளைங்க மடி ஏந்திப் பிடிப்பாங்க. படுகளத்தன்னைக்கு மண்ணுல துரியோதனனை அம்மாம் பெருசா மல்லாத்திப் படுக்க வெச்சிருப்பாங்க. நாங்க பொடிப்பசங்க அவன் கட்டைவிரல் எங்க தலை உசரம் வருதான்னு அளந்து பார்ப்போம். முழம்னா என்ன, சாண்னா என்னன்னு எனக்கு வாத்தியார் சொல்லித் தரல, துரியோதனன் கால்தான் சொல்லித் தந்துச்சு.

அதுல ஒருத்தன் வருவான் பாரு, கட்டியக்காரன். கோமாளின்னும் சொல்லுவோம். அவன்தான் எல்லாருக்கும் முன்னாடி வருவான், எல்லாருக்கும் கடைசியில போவான். ராஜா ஆவேசமாப் பாடி முடிச்சதும் பக்கத்துல போய், "ஏன்யா இந்தக் கத்து கத்துறே, மாடு தொலைஞ்சு போச்சா?"ம்பான். ராஜா, தான் யாரு, அப்பன் யாரு, எந்த நாடு, எதுக்குக் கோபம்னு அவனுக்கு வெவரமாச் சொல்லியாகணும். அவன் மறுபடியும் தப்பாவே புரிஞ்சுக்குவான். ராஜா மறுபடியும் சொல்லணும். இதுல சூட்சுமம் என்னன்னா, எனக்குப் புரியலைன்னு சொல்ல வெக்கப்படுற எட்டு வயசுப் பிள்ளை இந்தப் பக்கம் உக்காந்திருக்குது. அது கேக்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டுடறான். புரியாதவனா நடிக்கிறதுக்குத்தான் அவனுக்குக் கூலியே.

உங்க கம்பெனி ஃபேமிலி டேக்கு என்னைக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்குதா? பிரியாணி நல்லா இருந்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது. அங்கயும் ஒரு கோமாளி வந்தான். மைக்கைப் பிடிச்சு "ஆர் யூ ஹேப்பி?"ன்னான். பிள்ளைங்க "யெஸ்"னுச்சு. "சத்தம் பத்தல"ன்னான். இன்னும் ஓங்கி "யெஸ்"னுச்சு. அரை மணி நேரம் இதே கச்சேரி. அவன் கேள்வி கேட்டான்தான், ஆனா பதிலையும் அவனே வெச்சிருந்தான். அப்புறம் கையைக் கழுவு, சிக்னல்ல நில்லு, பாவக்காய் சாப்பிடுன்னு மூணு புத்திமதி. பாவக்காயைப் பத்திச் சொல்றப்ப அவன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடுச்சு, அவன் வீட்டுல அதை வாங்கறதே இல்ல. கசப்பு மாத்திரைக்குச் சக்கரை தடவினா பிள்ளை என்ன செய்யும்? சக்கரையை நக்கிட்டு மாத்திரையைத் துப்பிடும். நீயும் அதைத்தான் செஞ்சே, உங்க அம்மாளைக் கேட்டுப் பாரு.

அந்தக் காலத்துல எல்லாம் தங்கமா இருந்துச்சுன்னு கெழவன் அளக்கிறான்னு நெனைக்காத. தங்கமும் இருந்துச்சு, பித்தளையும் இருந்துச்சு.

பகல் வேஷக்காரங்க வருவாங்க, நெனைவிருக்குதா உனக்கு? அந்தப் பக்கம் குப்பத்துலேர்ந்தும் வருவாங்க, இந்தப் பக்கம் ஆனேக்கல்லேர்ந்தும் வருவாங்க. தெலுங்குல பகடி வேஷம், கன்னடத்துல ஹகலு வேஷம். தெலுங்குல பகடின்னா பகலு. தமிழ்ல பகடின்னா கேலி. எல்லையில குடியிருக்கிறதுல இது ஒரு லாபம் மாப்ளே, ஒரே வார்த்தையில ரெண்டு ஆட்டம் பார்க்கலாம். ஒரு நாளு போலீசு, மறுநாளு பைராகி, அதுக்கு மறுநாளு பாதி ஆம்பளை பாதி பொம்பளையா அர்த்தநாரி. ஒரு தடவை போலீசு வேஷம் போட்டவனைப் பார்த்துச் சாராயம் காய்ச்சறவன் ஒருத்தன் நிஜமாவே ஓடிட்டான். ஊரே சிரிச்சுச்சு. காக்கியைப் பார்த்து ஓடறானா, குத்தத்தைப் பார்த்து ஓடறானான்னு எங்களுக்கு அன்னைக்கு ஒரு பெரிய விவாதம். இதை எந்தப் பாடத்துல சேக்கலாம்னு உங்க ஸ்கூலு மிஸ்ஸைக் கேளு.

இப்ப பித்தளையைச் சொல்றேன். கழைக்கூத்தாடி வருவான். ரெண்டு பக்கமும் மூங்கிலைக் கவையா நட்டு, நடுவுல கயிறு. அதுமேல உன் மவன் வயசுப் பொண்ணு கையில நீளக் கம்போட நடக்கும், கீழே அப்பன் தமுக்கு அடிப்பான். அந்தக் கம்பு எதுக்குன்னு கேளு சொல்றேன். பென்சிலை விரல் நுனியில நிறுத்திப் பாரு, உடனே சாஞ்சிடும். தொடைப்பக்கட்டையை உள்ளங்கையில நிறுத்து, கொஞ்ச நேரம் நிக்கும். நீளமான சாமான் சாயறதுக்கு நேரம் எடுத்துக்குது, அதுக்குள்ள கையை நகத்திச் சரிக்கட்டிடலாம். நீளக் கம்பைக் குறுக்காப் பிடிச்சவளும் அப்படித்தான், மெதுவாத்தான் சாய்வா, அதுக்குள்ள காலைச் சரி பண்ணிக்குவா. எனக்கு இது அந்தப் பொண்ணைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. ஆனா எனக்குப் பாடம் நடத்தின அந்தப் பொண்ணு ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்ல. அதை நெனைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்குது. சர்க்கஸ்ல சின்னப் பிள்ளைங்களை வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. சரியான உத்தரவு. ஸ்கூலு ஆண்டு விழாவுல உன் மவனுக்கு ரோஸ் பவுடர் பூசி, பளபளா சட்டை மாட்டி, ராத்திரி பத்து மணி வரைக்கும் தூங்க விடாம ஆட வெச்சாங்களே, அது கலை நிகழ்ச்சி. உத்தரவு அங்க செல்லாது போலிருக்குது.

சர்க்கஸ்னா பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பதம்னு நெனைக்காத. நம்ம தேசத்துல சர்க்கஸு வளர்ந்ததே ஒரு வாத்தியாராலதான். தலச்சேரியில கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒரு களரி ஆசான். 1901ல சிறக்கராங்கிற இடத்துல சர்க்கஸுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் தொறந்தார். அதுக்கு முன்னாடி 1880லயே சத்ரேன்னு ஒரு மராட்டிக்காரர் பம்பாயில கூடாரம் போட்டாச்சு, ஆனா ஆளுங்களைப் பழக்கி அனுப்புனது தலச்சேரிதான். சர்க்கஸ் பழகறவன் விழறதுக்கும் கத்துக்கணும். உங்க ஸ்கூல்ல விழுந்தா டயரியில எழுதி அனுப்புறாங்க.

புலி, சிங்கம், கரடி, சிறுத்தை, குரங்கு இதையெல்லாம் வித்தைக்குப் பழக்கக் கூடாதுன்னு 1998ல மத்திய சர்க்கார் சொல்லிடுச்சு. அந்தப் பட்டியல்ல யானை இல்ல. யானைக்கு அது ரொம்ப மனத்தாங்கல் போல. ராகி கதிரு புடிக்கிற காலமானா பன்னர்கட்டாக் காட்டுலேர்ந்து தளி, சானமாவு வரைக்கும் கூட்டங்கூட்டமா வந்து எங்க கொல்லையில ஆட்டம் காட்டிட்டுப் போகுது. டிக்கெட்டு கிடையாது, வெளைச்சலை எடுத்துக்கும். பசங்க பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வந்தா வாத்தியாரு யானையான்னுதான் கேப்பாரு. உங்க ஓசூர்ப் பையன் அதே காரணம் சொன்னா அப்பா அம்மாளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க.

மேஜிக்குக்கு வர்றேன். உன் பாட்டி, அதான் எங்க ஆயி, அவகிட்ட ஒரு நல்ல சேவல் இருந்துச்சு. ஒரு மந்திரவாதி வந்தான். வீட்டுக்குச் செய்வினைன்னான். எலுமிச்சம்பழத்தைக் கத்தியால அறுத்தான், ரத்தமாச் சொட்டுச்சு. ஆயி நடுங்கிப் போயி சேவலைத் தூக்கிக் குடுத்துட்டா. பல வருஷம் போச்சு. தொண்ணூறுகள்ல, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற அறிவொளி இயக்கம் வந்துச்சு. அப்பல்லாம் நாம தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனியாப் பிரிஞ்சது 2004லதானே. சாயங்காலமானா மாரியம்மன் கோயில் திடல்ல பறை அடிச்சுக்கிட்டு அறிவியல் இயக்கத்துப் பசங்க வருவாங்க. பாட்டுப் பாடுவாங்க, நாடகம் போடுவாங்க, அப்புறம் மந்திரமா தந்திரமான்னு ஒரு ஆட்டம். அதுல ஒரு பையன் அதே எலுமிச்சம்பழத்தை அறுத்தான், அதே ரத்தம். கூட்டம் ஆ-ன்னுச்சு. அதோட மந்திரவாதியா இருந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பான். இவன் போகல. "எப்படின்னு யாராச்சும் சொல்லுங்க"ன்னு நின்னுட்டான். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுது. கடைசியில செம்பருத்திப் பூவைக் கத்தியில தேய்ச்சுக் காயவெச்சதைக் காட்டினான். அந்தச் சாறு புளிப்புல பட்டா செவப்பாயிடும், அவ்வளவுதான். ஒரு பொடிசைக் கூப்பிட்டு அது கையாலயே அறுக்க வெச்சான். அறுத்துட்டு அந்தப் பொடிசு சிரிச்சுது பாரு, உன் மொசலு ஆயிரம் வந்தாலும் அந்தச் சிரிப்பை வரவழைக்காது.

எல்லாரும் கை தட்டுறாங்க. எங்க ஆயி மட்டும் எழுந்திருச்சு, "அப்போ என் சேவலு?"ன்னா.

அந்த ஆட்டத்துக்குப் பெரிய வம்சாவளி இருக்குது மாப்ளே. கொழும்புல ஆபிரகாம் கோவூர்னு ஒருத்தர் இருந்தார். மோசடிக்கு வழியில்லாத எடத்துல அற்புதம் பண்ணிக் காட்டினா லட்சம் ரூபா தர்றேன்னு அறுபதுகள்ல சவால் விட்டார். ஒருத்தனும் வாங்கல. அப்புறம் நம்ம கோயமுத்தூர் போத்தனூர்ல பிரேமானந்த். சாமியாருங்க செய்யறதையெல்லாம் ஊர் ஊராச் செஞ்சு காட்டி, எப்படின்னும் சொல்லிக் குடுத்துட்டுப் போவார். 1987ல தேசம் பூரா அறிவியல் ஜாதான்னு பாட்டும் நாடகமுமா அஞ்சு திக்குலேர்ந்து கெளம்பி போபாலுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. போபாலுன்னா எந்த ஊருன்னு கம்பெனியில வேலை பாக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. விஷவாயு அடிச்சு மூணு வருஷந்தான் ஆயிருந்துச்சு.

மேஜிக்காரன் திரையைக் கீழே விடவே மாட்டான். அது அவன் பொழப்பு, தப்பில்ல. வாத்தியாரு திரையே போடாம நேரா வெடையைச் சொல்லிடுவாரு, அதனாலதான் பசங்க கொட்டாவி விடுது. அந்த அறிவியல் இயக்கத்துப் பசங்க திரையையும் போட்டாங்க, பிள்ளை கையிலயே முனையைக் குடுத்து வெலக்கவும் வெச்சாங்க. நான் பார்த்ததுல கல்வி ஆட்டம்னா அது ஒண்ணுதான்.

இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்லையான்னு கேளு. செய்யறாங்க. புதுச்சேரியில வேலு சரவணன், ஆழின்னு குழந்தைகள் நாடகக் குழு வெச்சிருக்கார். கடல் பூதம், தேவலோக யானைன்னு நாடகங்க. கோமாளித் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போவார். அவர் ஆட்டத்துல பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காது, எதுத்துப் பேசும், அவருக்கே யோசனை சொல்லும். நல்ல கட்டியக்காரன் அப்படித்தான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துக்கே வா. கொரோனாவுல பூட்டிக் கிடந்துட்டு, 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு தொடங்கினாங்க. மொதல்ல பன்னெண்டு மாவட்டம், அதுல நம்ம கிருஷ்ணகிரியும் ஒண்ணு. பறையடிச்சு ஆடிப் பாடிக்கிட்டுக் கலைக்குழு தெருத்தெருவா வந்துச்சு. சாயங்காலம் நம்ம தெருப் பொண்ணே திண்ணையில உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. அடுத்த வருஷம் எண்ணும் எழுத்தும்னு ஒண்ணு. ஆரம்பத்துல ஒண்ணாவதுலேர்ந்து மூணாவது வரைக்கும் பாட்டு, ஆட்டம், கையில மாட்டுற பொம்மை. அதுல எல்லாமே ஒழுங்கா நடக்குதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டீச்சருக்குப் பாதி நேரம் செல்போன்ல கணக்கு ஏத்துறதுலயே போகுது. ஆனா ஒரு வேடிக்கையைப் பாரு. எங்க ஊரு மாடு மேய்க்கிறவன் பிள்ளை பொம்மையோட பாட்டுப் பாடிப் படிக்குது, காசில்லாம. நீ உன் பையனை அங்கேர்ந்து தூக்கிட்டுப் போயி, கையைக் கட்டி வாயில விரல் வெக்கிற எடத்துல சேத்து, வருஷம் பூராக் காசு கட்டி, வருஷத்துல ஒரு நாள் பொம்மையைப் பார்க்கத் தனியாக் காசு கட்டுறே. மேஜிக்குன்னா இது மேஜிக்கு. உன் பணம் எந்தக் கையிலேர்ந்து எந்தக் கைக்குப் போச்சுன்னு திரை பிடிச்ச எனக்கே தெரியல.

கோவிச்சுக்காத. கேலி பேசலேன்னா எனக்குச் சோறு செமிக்காது.

ஷோவுக்கு அனுப்பு. வந்ததும் என்ன கத்துக்கிட்டேன்னு மட்டும் கேக்காத. கேட்டா கையைக் கழுவணும்னு ஒப்பிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவான். மொசலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறேன்னு கேளு. தப்பாத்தான் சொல்லுவான். சிரிக்காம, சரி, அப்போ இது எப்படின்னு அடுத்ததைக் கேளு. நீ புரியாதவனா இரு. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல. அப்புறம் அவன் வீட்டுல கோமாளித்தனம் பண்ணா அதட்டாத. போன மாசம் உன்னை மாதிரியே செல்போனைக் காதுல வெச்சுக்கிட்டு "எஸ் சார், ஓகே சார், டன் சார்"னு நடந்து காட்டினானாம், நீ முதுகுல ஒண்ணு வெச்சியாம். என் மருமவ சொன்னா. எவனோ ஒரு கோமாளி சிரிக்க வெக்கிறதுக்குக் காசு குடுக்கிறே, வீட்டுல சும்மா வந்த கோமாளிக்கு அடி குடுக்கிறே. பையன் நடந்து காட்டினது அச்சு அசல் உன்னை மாதிரியே இருந்துச்சாமே, அதனாலயா?

சரி, வெயில் தாழ்ந்துடுச்சு, கெளம்பு. அத்திப்பள்ளிப் பக்கத்துலேர்ந்து லாரியெல்லாம் எறங்குற நேரம், பார்த்துப் போ.

ஒரு சமாச்சாரம். நீ வண்டியில காத்து பார்த்துக்கிட்டிருந்தப்ப பையன் எனக்கு ஒரு வித்தை காட்டினான். போன லீவுல நான் கத்துக் குடுத்ததுதான். என் துண்டையே திரையாக் கட்டி, ஒரு முனையை என்கிட்ட குடுத்து, இன்னொரு முனையை ஆட்டுக்குட்டி கொம்புல மாட்டிட்டான். என்கிட்ட பத்து ரூபாக் காசு வாங்கிக்கிட்டுத் திரைக்குப் பின்னாடி போனான். வந்தான், காசைக் காணோம். "எங்க போச்சு சொல்லு தாத்தா"ன்னான். எனக்குத் தெரியும். டவுசர்ல இடது பக்கப் பையி. ஆனா திரை பிடிக்கிறவன் வாயைத் தொறக்கக் கூடாது, அது தொழில் தர்மம். நானும் முழிச்சேன்.

தக்காளிப் பெட்டிக்குக் காசு எடுக்கிறியா, எடு எடு. அதோட ஒரு பத்து ரூபா சேத்துக் குடுத்துடு.